எங்க ஏரியா ஓட்டு யாருக்கு சார்?

ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகிற மின்சார ரயிலில் இருபத்தைந்து வருஷம் போய் வந்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். வேறு தகுதி கிடையாது. நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் என் கையில் கொடியைக் கொடுத்து, "கொஞ்சம் பிடிச்சிக்குங்க சார், ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று போனார். அந்தப் பத்து நிமிஷம்தான் என் அரசியல் வாழ்க்கை.

தேர்தல் வந்துவிட்டால் எங்கள் பெட்டியில் ரம்மி நின்றுவிடும். அண்ணனூரில் ஆரம்பிக்கிற பேச்சு, திருமுல்லைவாயிலில் சூடு பிடித்து, அம்பத்தூரில் குரல் ஓங்கி, பட்டரவாக்கத்தில் ஒருத்தர் கோபித்துக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றுகொள்வார். வில்லிவாக்கத்தில் அவரே திரும்பி வந்து உட்கார்ந்து, "சரி, அதை விடு. நம்ம ஏரியா ஓட்டு யாருக்குங்கறே?" என்பார்.

அங்கேதான் எல்லோரும் முழிப்போம்.

மற்ற ஊர்க்காரர்கள் "எங்க ஊர் இந்தக் கட்சியோட கோட்டை" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்கிறார்கள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிக்காரன் அப்படிச் சொன்னால் அவனுக்கே சிரிப்பு வந்துவிடும். இது யாருடைய கோட்டையும் இல்லை. ஆனால் ஒரு விசேஷம் உண்டு. சென்னையில் இருக்கிற அந்த ஒரிஜினல் கோட்டைக்கு யார் போகப் போகிறார்களோ, அவர்களுக்கே இங்கே ஓட்டு விழுந்திருக்கிறது.

நம்ப மாட்டீர்களா? பூந்தமல்லியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1989ல் இங்கே ஜெயித்தது உதயசூரியன். ஆட்சிக்கு வந்தது கலைஞர். 1991ல் கை, அ.தி.மு.க. கூட்டணி ஆட்சியைப் பிடித்தது. 1996ல் த.மா.கா.வின் சைக்கிள்; மறுபடி கலைஞர். 2001ல் பா.ம.க.வின் மாம்பழம், அப்போது அவர்கள் ஜெயலலிதா அணி, கோட்டைக்குப் போனதும் அவரே. 2006ல் திரும்பவும் கை, தி.மு.க. கூட்டணியில். 2011லும் 2016லும் இரட்டை இலை. 2021ல் சூரியன். எட்டுத் தேர்தல், ஐந்து சின்னம், எட்டுத் தடவையும் ஜெயித்த அணி! இதில் வேடிக்கை, 1991லும் 1996லும் 2006லும் ஜெயித்தவர் ஒரே மனிதர், டி.சுதர்சனம். கை, சைக்கிள், கை என்று சின்னம் மாறியது, கூட்டணி மாறியது, ஆள் மாறவில்லை.

நடுவில் 2008ல் தொகுதி மறுசீரமைப்பு வந்து எல்லைக் கோட்டை எல்லாம் அழித்து அழித்துப் போட்டார்கள். பூந்தமல்லி தனித் தொகுதி ஆனது. ஆவடி, அம்பத்தூர் என்று புதுசாக இரண்டு தொகுதிகள் முளைத்தன. புதுத் தொகுதிகளாவது கொஞ்சம் வேறு மாதிரி நடந்துகொண்டனவா? இல்லையே! 2011, 2016 இரண்டிலும் இலை, 2021ல் சூரியன். பூந்தமல்லிக்கு அக்கா தங்கை மாதிரி கூடவே நடந்தன.

(கணக்கை 2021ஓடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் வாயைத் திறந்தால் எனக்கு எதிர்த்த கடையில் டீ கிடைக்காது.)

அமெரிக்காவில் இதே ராசியில் ஓர் ஊர் இருக்கிறது. இண்டியானா மாநிலத்தில் டெர்ரே ஹோட் என்று ஒரு சின்ன நகரம். அது இருக்கிற மாவட்டத்தின் பெயர் வீகோ. (எழுத்துக் கூட்டிப் படித்தால் நம் வைகோ மாதிரிகூட வரும். சம்பந்தம் எதுவும் இல்லை.) 1956லிருந்து 2016 வரை அந்த மாவட்டம் யாருக்கு அதிக ஓட்டுப் போட்டதோ அவரே ஜனாதிபதி. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பத்திரிகைக்காரர்கள் எல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் டீக்கடை... ஸாரி, காபிக்கடைகளில் உட்கார்ந்து கருத்துக் கேட்பார்கள். கடைசியில் 2020ல் அவர்கள் டிரம்ப்புக்குப் போட, ஜெயித்தது பைடன். அதோடு ஜோசியம் க்ளோஸ்!

எங்கள் ஏரியாவுக்கு யாரும் கேமரா தூக்கிக்கொண்டு வரவில்லை. அதனால் நானே விசாரித்தேன். முதலில், எங்கள் தெருவை.

எங்கள் தெருவில் பதினெட்டு வீடு. முதல் வீடு திருநெல்வேலி அண்ணாச்சி, மளிகைக் கடை. அடுத்தது ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆன பாலக்காட்டுக்காரர். அதற்கடுத்து ஆர்க்காட்டுப் பக்கம், அதற்கடுத்து சித்தூர். மாடி போர்ஷனில் மூன்று ஒடிசாப் பையன்கள், எஸ்டேட்டில் வேலை; அவர்கள் ஓட்டு ஊரில் இருக்கிறது. "இந்த ஊர்லயே பொறந்தவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனால், கடைசி வீட்டுப் பால்காரக் கிழவர் மட்டும் கையைத் தூக்கினார். அவர்கூட, "நான் பொறந்தது பருத்திப்பட்டு, தம்பி. இது அப்ப வேற ஊரு" என்றார்.

ஏன் இப்படி? ஊரே வேலைக்காக வந்தவர்களால் ஆனது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு. யு.என்.தேபர் தலைமை, நேரு வந்திருந்தார், காமராஜர் முதலமைச்சர். சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது இங்கேதான். அதற்குப் பிறகு 1961ல் டாங்க் தொழிற்சாலை. (ஆவடி என்ற பெயரே ஏதோ ராணுவ இங்கிலீஷ் வார்த்தைகளின் சுருக்கம் என்று இன்றைக்கும் சிலர் சத்தியம் பண்ணுவார்கள். டாங்க் வருவதற்கு முன்னாலேயே மாநாட்டுக்குப் பெயர் ஆவடி மாநாடுதான், ஐயா!) 1964ல் அம்பத்தூர் எஸ்டேட். அதற்கு முன்பே டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப். பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா. எங்கெங்கோ இருந்து டிரங்குப் பெட்டியும் கையுமாக வந்தவர்கள் அப்படியே தங்கிவிட்டார்கள்.

கிராமத்தில் ஓட்டுக்கு வேர் உண்டு. தாத்தா யாருக்குப் போட்டார், ஊர்ப் பெரியவர் என்ன சொன்னார், எந்தத் தெரு எந்தக் கொடி, எல்லாம் முன்கூட்டியே தெரியும். இங்கே வாடகை வீட்டுக்காரனுக்கு எந்தப் பெரியவர்? அவனுக்குத் தெரிந்தது ஹவுஸ் ஓனரும் தண்ணி லாரிக்காரரும்தான். அதனால் தமிழ்நாட்டில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் முதலில் சாய்வது எங்கள் ஏரியா. வேர் இல்லாத செடி இல்லையா?

அதற்காக எங்களுக்கு அரசியலே தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் சிவப்புக் கொடிதான் இங்கே ராஜா.

என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னர். கம்பெனி பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. அப்போது நாங்கள் அம்பத்தூரில் குடியிருந்தோம், வில்லிவாக்கம் தொகுதி. தமிழ்நாட்டிலேயே மிகப் பெரிய தொகுதிகளில் ஒன்று. பூத்துக்குப் போனால் திருவிழா மாதிரி ஜனம் நிற்கும். அங்கே 1984ல் வி.பி.சிந்தன் ஜெயித்தார். எம்.ஜி.ஆர். அமெரிக்க ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இந்திரா காந்தியைச் சுட்டுக் கொன்ற துக்கம் ஆறவில்லை, ஊர் முழுக்க இலையும் கையும் அலை அடிக்கிறது. அந்த அலையில் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர் ஒருத்தரை ஜெயிக்க வைத்த தொகுதி அது! 1989ல் மறுபடி மார்க்சிஸ்ட், டபிள்யூ.ஆர்.வரதராஜன். இரண்டு பேருமே தொழிற்சங்கக்காரர்கள். ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதினால் கேட்டுக்கு வெளியே மீட்டிங், மீட்டிங் முடிந்தால் ஓட்டு. அவ்வளவு சிம்பிள். கூட்டணி பலமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்பா மாதிரி ஆட்களுக்கு ஓட்டும் சங்க சந்தாவும் ஒன்று.

அம்மா கதை வேறு. அம்மாவுக்கு எம்.ஜி.ஆர்.தான். வீட்டில் அப்பா அரிவாள் சுத்தியல், அம்மா இரட்டை இலை. சண்டை எல்லாம் கிடையாது. தேர்தல் அன்றைக்கு ஒரே சைக்கிளில் போய் ஆளுக்கு ஒன்றாகப் போட்டுவிட்டு ஒரே சைக்கிளில் திரும்பி வருவார்கள். 1989 ஜனவரியில் பூத்துக்குள் போன அம்மா ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. "என்னாங்க, இலையவே காணோம்! சேவல் இருக்குது, புறா இருக்குது, இலை இல்லியே!" கட்சி இரண்டாக உடைந்து, இலையை முடக்கி, ஜெயலலிதா அணிக்குச் சேவலும் ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அம்மாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. "அப்புறம் எதுக்கும்மா குத்தினே?" என்று கேட்டேன். "அதெல்லாம் சொல்லக் கூடாது" என்று சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கடைசி வரை சொல்லவில்லை.

1991 மே 21 ராத்திரி ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூருக்குப் போனது பூந்தமல்லி வழியாக. இங்கே நின்று பேசிவிட்டுத்தான் போனார். ஜூனில் ஓட்டுப்பதிவு நடந்தபோது இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு எந்தப் பிரசாரமும் தேவைப்படவில்லை. பிற்பாடு அந்தக் கொலை வழக்கை விசாரித்த தடா கோர்ட்டும் பூந்தமல்லியில்தான் இருந்தது. 1998 ஜனவரி 28ஆம் தேதி 26 பேருக்குத் தூக்கு என்று தீர்ப்பு வந்த அன்றைக்கு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போலீஸ்.

1996 வந்தது. சைக்கிள் செய்கிற ஊரில் சைக்கிள் சின்னம்! கேட்க வேண்டுமா? 'அண்ணாமலை' சைக்கிளில் ரஜினி சிரிக்கிற போஸ்டர் இல்லாத சுவரே கிடையாது. வில்லிவாக்கமும் பூந்தமல்லியும் த.மா.கா.வுக்கு. ஆனால் அந்த வருஷங்களில்தான் எஸ்டேட்டில் சங்கு சத்தம் குறைய ஆரம்பித்தது. நிரந்தர வேலை போய் கான்ட்ராக்ட் வந்தது. அப்பா கம்பெனியில் வி.ஆர்.எஸ். கொடுத்தார்கள். அந்தப் பணத்தில்தான் ஆவடியில் ஒரு கிரவுண்டு வாங்கி நாங்கள் குடிவந்தோம். கான்ட்ராக்ட் பையன் சங்கத்தில் சேர்ந்தால் நாளைக்கு வேலை இருக்காது. சங்கம் போனதும், கேட் மீட்டிங்கில் ஓட்டு முடிவாகிற வழக்கமும் போயிற்று. சிவப்பு மெல்ல மெல்ல வெளுத்தது இப்படித்தான். யாரும் கொள்கை மாறவில்லை, அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் மாறியது.

அதற்கப்புறம் இங்கே ஓட்டைத் தீர்மானித்த விஷயங்கள் ரொம்பச் சாதாரணம். 2011ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் 2ஜி என்று அமர்க்களம். எஸ்டேட்டில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிற என் சிநேகிதரிடம் கேட்டேன். "டூஜியாவது, த்ரீஜியாவது! கரண்டு எப்ப வரும்னு சொல்லுங்க சார். லேத்து நிக்குது, பையனுங்க கேரம்போர்டு ஆடறானுங்க, சம்பளம் நான் குடுக்கணும்" என்றார். மாற்றிக் குத்தினார்கள். ஆட்சி மாறிய பிறகு 2012ல் மின்வெட்டு இன்னும் மோசமானது என்பது வேறு விஷயம். அப்போது அவரைப் பார்த்தபோது அவரே கேரம்போர்டு ஆடிக்கொண்டிருந்தார்.

வேலை செய்தால் ஓட்டு விழும் என்பதும் இங்கே கியாரண்டி இல்லை. மாஃபா பாண்டியராஜன் 2011ல் விருதுநகரில் தே.மு.தி.க.வின் முரசில் ஜெயித்தவர். 2016ல் இலையில் ஆவடிக்கு வந்தார், ஜெயித்தார், மந்திரி ஆனார். 2019ல் ஆவடி மாநகராட்சி ஆனது, பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பூங்கா வந்தது. தினம் காலையில் அங்கே வாக்கிங் போகிறவர்கள் எல்லோரும் பூங்காவைப் புகழ்ந்தார்கள். 2021ல் அதே சா.மு.நாசரிடம் 55,275 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். வாக்கிங் நண்பரிடம், "ஏன் சார், பார்க் நல்லா இருக்குன்னீங்களே?" என்றேன். "பார்க் நல்லாத்தான் இருக்கு. அதுக்காக?" என்றார். பதில் தோன்றவில்லை எனக்கு. பக்கத்துப் பூந்தமல்லியில் அந்த வருஷம் வித்தியாசம் 94,110. காற்று அடித்தால் எங்கள் ஏரியாவில் இப்படித்தான், கூரையோடு போகும்.

இன்னொரு கூத்து, டெல்லி. கோட்டைக்கு ஜெயிக்கிற கட்சியாகப் பார்த்து அனுப்புகிற நாங்கள் டெல்லிக்கு மட்டும் தலைகீழ். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் பாராளுமன்றத் தொகுதி. 2009ல் டெல்லியில் காங்கிரஸ் கூட்டணி ஆட்சி; நாங்கள் அனுப்பியது அ.தி.மு.க.வின் வேணுகோபாலை. 2014ல் மோடி, மறுபடி வேணுகோபால், அப்போதும் ஆளுங்கட்சி அணி இல்லை. 2019ல் மோடி, எங்களிடமிருந்து காங்கிரஸின் ஜெயக்குமார். 2024லும் மோடி, காங்கிரஸின் சசிகாந்த் செந்தில். நான்கு தடவையும் எங்கள் எம்.பி. எதிர் வரிசையில்தான் உட்கார்ந்தார்! (அம்பத்தூர் ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில் சேர்ந்தது. 2009ல் டி.ஆர்.பாலு ஜெயித்ததால் அவர்கள் ஒரே ஒரு முறை ஆளுங்கட்சிப் பக்கம். அதுக்கே ரயிலில் ரொம்ப அலட்டிக்கொள்வார்கள்.)

இத்தனைக்கும் ஆவடி டெல்லியின் சம்பளத்தில் வாழ்கிற ஊர். டாங்க் ஃபாக்டரி, ராணுவ உடை தைக்கிற ஃபாக்டரி, சி.ஆர்.பி.எஃப்., விமானப்படை என்று எல்லாம் மத்திய சர்க்கார். ஆனால் அந்த ஃபாக்டரிகளைக் கம்பெனி ஆக்கப்போகிறோம் என்றதும் 2019 ஆகஸ்டில் ஸ்டிரைக், 2021 அக்டோபரில் கம்பெனி ஆகியும்விட்டது. "சம்பளம் குடுக்கறவன்கிட்டதான் சார் வருத்தம் இருக்கும். குடுக்காதவன்கிட்ட என்ன வருத்தம்?" என்றார் ரிட்டயர் ஆன ஃபிட்டர் ஒருத்தர். யோசித்துப் பார்த்தால், சரிதான்.

இவ்வளவு பேசுகிறேனே, நான் ஒழுங்கா என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2016 மே 16, திங்கட்கிழமை ஓட்டு. சனி, ஞாயிறு, திங்கள்... மூன்று நாள் லீவு! மனைவி ஊரில் ஒரு காதுகுத்து. ஞாயிறு ராத்திரி பஸ் பிடித்து வந்து ஓட்டுப் போட்டுவிடலாம் என்றுதான் கிளம்பினோம். கறிச் சாப்பாடு, மாந்தோப்பு, சீட்டுக் கச்சேரி... பஸ் கிடைக்கவில்லை என்று சொன்னோம். உண்மையில் நாங்கள் தேடவே இல்லை. செவ்வாய் ஆபீஸ் போனால் எல்லோரும் விரலைப் பார்ப்பார்களே? பையனுடைய ஸ்கெட்ச் பேனாவால் இடது கை ஆள்காட்டி விரலில் ஒரு கோடு இழுத்துக்கொண்டேன். நீலமும் ஊதாவுமாக அசல் மாதிரியே இருந்தது. ஆபீஸில் பாஸ்.

அப்பா அப்போது 79 வயசு. முட்டி வலி. பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டோவில் போய்ப் போட்டுவிட்டு வந்திருந்தார். வியாழக்கிழமை ஓட்டு எண்ணிக்கை. ஆவடியில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் 1,395 ஓட்டு! ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு பூத் போட்டால் அதைவிட அதிகம் பேர் லைனில் நிற்பார்கள். டி.வி.யைப் பார்த்துக்கொண்டே அப்பா, "தம்பி, கையைக் காட்டு" என்றார். காட்டினேன். மூன்று நாள் குளியலில் விரல் பளிச்சென்று இருந்தது. தன் விரலைப் பக்கத்தில் வைத்தார். நகக்கண்ணில் மை அப்படியே கறுப்பாக இருந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "சாப்பிட்டியா?" என்றார்.

எங்கள் வீட்டில் இரண்டு ஓட்டு போயிற்று, எனக்கும் மனைவிக்கும். அதே மாதிரி காதுகுத்து, திருப்பதி, ஊட்டி என்று கிளம்பியவர்கள் எங்கள் ரயில் பெட்டியில் மட்டும் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். இந்தப் பட்டணத்துப் பக்கத்துக்கே அது வியாதி. 2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் விழுந்தது 43.59 சதவிகிதம். அம்பத்தூர் 2011லேயே அந்த மாநகராட்சியில் சேர்ந்தாயிற்று. 'எங்க ஏரியா ஓட்டு யாருக்கு' என்ற கேள்விக்கு, நூற்றுக்கு ஐம்பத்தாறு பேர் சொன்ன பதில்: 'யாருக்கும் இல்லை, தூக்கம் வருது.'

அப்பா 2018ல் போய்விட்டார். 2021 ஏப்ரலில் ஓட்டுச் சீட்டு வந்தது. என் பெயர், மனைவி பெயர், அப்பா பெயர். பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், படிவம் 7. மூன்று வருஷமாக மேஜை டிராயரில்தான் இருந்தது. பூர்த்தி பண்ணிவிட்டால் என்னவோ மாதிரி இருக்கிறது என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

ஏப்ரல் 6ஆம் தேதி காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். கொரோனா சமயம். நெற்றியில் டெம்பரேச்சர் பார்த்து, கைக்குப் பிளாஸ்டிக் கிளவுஸ் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, இரண்டு கட்சிக்காரர்களும் எதிர் எதிரே மேஜை போட்டு வோட்டர் லிஸ்ட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருமே தெருவில் தெரிந்தவர்கள்.

முதல் மேஜைக்காரர் லிஸ்ட்டில் விரலை ஓட்டி, "ஐயா பேரு இன்னும் இருக்குதே சார்" என்றார். குரலைத் தணித்துக்கொண்டு, "நல்ல மனுஷன். கடைசி வரைக்கும் நம்ம ஆளு" என்றார்.

ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். எதிர் மேஜைக்காரர் எழுந்து வந்தார். "அப்பா ஞாபகம் வந்திச்சு சார். போன தடவை இந்நேரம் ஆட்டோல வந்து எறங்கினாரு, நான்தான் கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போனேன். அவரு நம்ம ஆளாச்சே!"

"ஆமாம்" என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, டிராயரைத் திறந்து, படிவம் 7ஐ எடுத்துப் பேனாவைத் தேடினேன்.